அடுத்த வாரம் வராத லாட்

"அந்த லாட் அடுத்த வாரம் எப்பங்க வரும்?"

பங்குச் சந்தை ஆப் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பெண்ணிடம் நான் கேட்ட கேள்வி இது. அருவங்காட்டில் எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய மேட்டில் நின்றுகொண்டு கேட்டேன். எங்கள் வரிசைக்கு அங்கே மட்டும்தான் போனில் பேச்சு அறுபடாமல் கேட்கும். மழை இல்லை, ஆனால் மூடுபனி தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரின் மேல் போட்டிருந்த ஷால் நனைந்து தோளில் கனத்தது.

"எந்த லாட் மேடம்?"

"நேத்து சாயங்காலம் வரைக்கும் இருந்துச்சுங்க. இன்னிக்குக் காலையில பாத்தா லிஸ்ட்லயே இல்ல."

அந்தப் பெண் ஏதோ தட்டிப் பார்த்தாள். "அது எக்ஸ்பைரி ஆயிடுச்சு மேடம்."

"அது தெரியுமுங்க. நேத்து விலை போகல. அதான், அடுத்த வாரம் லிஸ்ட்ல எப்ப ஏறும்னு கேக்கறேன்."

சிக்னல் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். போகவில்லை. நல்ல பெண், சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், அது மறுபடி ஏறாது. அது ஜீரோ ஆயிடுச்சு. வேற ஏதாவது உதவி வேணுங்களா?" என்றாள்.

கீழே குன்னூர் பஸ் ஹாரன் அடித்தது. அன்று அந்த பஸ்ஸை விட்டுவிட்டேன்.

லாட் என்ற சொல்

இந்தப் பக்கங்களை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். குன்னூரில் தேயிலையை ஏலத்தில் விற்றுக் கொடுக்கும் தரகர் அலுவலகம் ஒன்றில் நான் கிளார்க். கல்யாணமாகி மலைக்கு வந்த புதிதில் தொடங்கிய வேலை, இன்றுவரை தொடர்கிறது. என் கணவருக்கு இங்கே அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. ஓய்வுபெற அவருக்குச் சில மாதங்களே பாக்கி இருந்த சமயத்தில் நடந்த கதை இது.

தேயிலை ஏலத்தில் எல்லாமே லாட். ஒரு ஃபேக்டரியின் ஒரே ரகத் தூள் மூட்டைகள் சேர்ந்தால் ஒரு லாட். அதற்கு ஒரு நம்பர், சாம்பிள் பாக்கெட், கேட்டலாக்கில் ஒரு வரி. நான் சேர்ந்த காலத்தில் ஹாலில் தரகர் மேடையேறி விலை கூவி, சுத்தியலால் தட்டுவார். அந்தத் தட்டல் சத்தம் வெளி வராந்தா வரைக்கும் கேட்கும். இப்போது எல்லோரும் அவரவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் விலை கேட்கிறார்கள். ஏல நாளில் எங்கள் ஆபீஸில் இன்று கேட்பது ருசி பார்ப்பவர் டீயை உறிஞ்சித் துப்பும் சத்தம் மட்டும்தான்.

விலை படியாத லாட்டுக்கு 'அவுட்' என்று பெயர். அவுட் ஆனால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. அடுத்த கேட்டலாக்கில் அதே மூட்டை மறுபடி ஏறும். அடுத்த வாரம் இல்லாவிட்டால் அதற்கும் அடுத்த வாரம். விலை கொஞ்சம் குறையலாம், ஆனால் மூட்டை கோடவுனில் பத்திரமாக இருக்கும்.

மஞ்சூர்ப் பக்கம் சின்ன ஃபேக்டரி வைத்திருக்கும் ஒருவர் ஏலம் நடக்கும்போதெல்லாம் எனக்கு போன் செய்வார். "அம்மிணி, நம்ம லாட்டு போச்சுங்களா?" என்பார். இல்லை என்றால் அவர் மூச்சு விடுவது எனக்கு இங்கே கேட்கும். நானும் வழக்கமாகச் சொல்வதைச் சொல்வேன்: "அவுட்டுங்ண்ணா. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

இத்தனை வருஷமாக இதையே சொல்லிச் சொல்லி, உலகத்தில் எல்லாமே அடுத்த வாரம் மறுபடி வரும் என்று என் புத்தி பழகிப்போயிருந்தது.

இருப்புக் கொள்ளாத மாதங்கள்

ஓய்வுபெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். என் கணவர் தெளிவாக இருந்தார். கீழே காரமடையில் அவருடைய அண்ணன் இருக்கிறார். அங்கேயே பக்கத்தில் ஒரு வீடு பார்த்துப் போய்விடலாம் என்றார். மேடும் பள்ளமும் ஏறி இறங்கி அவருடைய முழங்கால் ஓய்ந்துவிட்டது. தொழிற்சாலை சைரன் ஊதும் முன்னே கிளம்புகிறவர், பாதி வழியில் ஒரு கையைச் சுவரில் ஊன்றி நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் போக இஷ்டமில்லை. எனக்கு இந்த மலைதான் ஊர். கோயம்புத்தூரில் பிறந்தவள்தான், ஆனால் இப்போது அங்கே போய் ஒரு ராத்திரி தங்கினால்கூட ஃபேன் சத்தத்தில் தூக்கம் வருவதில்லை. என் வேலை இங்கே, என் பஸ் இங்கே, என் ஜலதோஷம்கூட இங்கேதான்.

ஆனால் அதை அவரிடம் சொன்னேனா? இல்லை. "ஒருக்கா வந்து ஊட்டப் பாத்துட்டு வந்தரலாம்" என்று அவர் கூப்பிடும்போதெல்லாம், "அடுத்த வாரம் போலாமுங்க" என்றேன். ஏல வேலை என்றேன், மழை என்றேன், மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது என்றேன். அந்தக் கால் வலியைப் பார்த்துக்கொண்டே 'வரமாட்டேன்' என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். குன்னூரில் போக்கியத்துக்கு வீடு கிடைக்கும். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்தால் வாடகை இல்லாமல் இருந்துகொள்ளலாம், காலி செய்யும்போது பணம் திரும்பி வரும். என் சீட்டுப் பணம் அதில் பாதிக்கு வரும். மீதியைச் சேர்த்து அவர் முன்னால் வைத்துவிட்டால், பேசவே வேண்டாம், பணமே பேசிவிடும் என்று நினைத்தேன்.

மீதிக்கு வழி காட்டியது எங்கள் ஆபீஸ் கவிதா. அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள், என்னைவிடச் சின்னவள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் தயிர்சாதம், ஒரு கையில் போனில் சார்ட்.

"அக்கா, இதுவும் நம்ம ஏலமாட்டத்தானுங்க்கா. வாங்கறவன், விக்கறவன், நடுவுல விலை. உங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு."

தண்ணி பட்ட பாடு என்றதில் நான் விழுந்தேன்.

முதலில் வீடியோக்கள். "வணக்கம் டிரேடர்ஸ்!" என்று ஒரு பையன் அலறுவான். சார்ட்டில் விலை ஏறினால் பச்சை மெழுகுவர்த்தி, இறங்கினால் சிவப்பு மெழுகுவர்த்தி, சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ், ஸ்டாப் லாஸ். பஸ்ஸில் வெலிங்டன் வளைவுகளில் தலை சுற்றச் சுற்றப் பார்த்தேன். பணம் போடாமல் ஒத்திகை மட்டும் பார்த்த நாட்களில் நான் ஒரு சூரப்புலி. மனதுக்குள் வாங்கி மனதுக்குள் விற்று, மனதுக்குள் இரண்டு மாடி வீடே கட்டிவிட்டேன்.

நிஜப் பணம் போட்ட நாளிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. காலையில் சந்தை திறக்கும் நேரம் நெருங்கினால் கை தானாகப் போனுக்குப் போகும். சாம்பிள் பாக்கெட்டுக்குப் பெயர் ஒட்டும்போது ஒரு கண் அங்கே. ஒரு முறை தூள் ரக பாக்கெட்டில் இலை ரகப் பெயரை ஒட்டிவிட்டேன். ருசி பார்ப்பவர் உறிஞ்சிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பால் பொங்கி வழியும், குக்கர் விசில் எண்ணத் தவறும். சனி, ஞாயிறு சந்தை கிடையாது என்பதே எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

என் கணவருக்கு நான் 'ஷேர் படிக்கிறேன்' என்பது தெரியும். தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். அதனால் அவருக்குப் போனே ஒரு வேண்டாத சாமான். "என்ன, டீ ஆபீஸ்ல இருந்து பம்பாய் ஆபீஸுக்கு மாத்தலா?" என்று கேலி செய்வார். எதற்குப் படிக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஷேர் வாங்கி வைத்தால் மெதுவாகத்தான் ஏறும். எனக்கோ அவருடைய ஓய்வு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கவிதா ஆப்ஷன் என்ற ஒன்றைக் காட்டினாள். சந்தைக் குறியீடு இந்த வாரம் இந்த அளவைத் தாண்டும் என்று நினைத்தால், அதற்குப் பந்தயம் கட்டுவதுபோல் ஒன்றை வாங்கலாம். தாண்டினால் போட்டதுபோல் பல மடங்கு. "இதை லாட் லாட்டா வாங்கோணுமுங்க்கா" என்றாள்.

லாட்! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குச் சொந்த ஊர்க்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது. கவிதாவுக்கே நான் லாட்டைப் பற்றி வகுப்பு எடுத்தேன். முதல் இரண்டு தடவை சின்ன லாபமும் வந்தது. அந்த லாபம் வராமலே இருந்திருக்கலாம்.

ஏலமும் எக்ஸ்பைரியும்

வார ஆப்ஷன் முடிகிற நாளுக்கு எக்ஸ்பைரி என்று பெயர். அப்போது அது வியாழக்கிழமை. எங்கள் தேயிலை ஏலமும் வியாழக்கிழமை.

அந்த வாரம் திங்கட்கிழமை, சீட்டுப் பணத்தில் பெரும்பகுதியைப் போட்டு வாங்கினேன். செவ்வாய்க்கிழமை சந்தை இறங்கியது. புதன் இன்னும் இறங்கியது. கவிதா ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்தாள். மேளச் சத்தத்துக்கு நடுவே போனில் கத்தினாள்.

"அக்கா, இருக்கறத வித்துட்டு வெளிய வந்துருங்க. கெடைச்சது போதும்."

"அடுத்த வாரம் பாத்துக்கலாங் கவிதா."

"அடுத்த வாரத்துக்கு வேற வாங்கிக்கலாமுங்க்கா, இதைய..." அதற்குள் மேளம் அவளை விழுங்கிவிட்டது. எனக்குக் கேட்டது 'அடுத்த வாரத்துக்கு' மட்டும்தான். அது போதுமானதாக இருந்தது.

எக்ஸ்பைரி என்ற சொல் எனக்குத் தெரியாதது அல்ல. வீடியோவில் நூறு தடவை கேட்டிருக்கிறேன். 'அடுத்த வாரத்துக்கு ரோல் ஓவர்' என்றும் அந்தப் பையன் சொல்லியிருந்தான். இதை விற்றுவிட்டு அதை நாமாக வாங்க வேண்டும் என்பதுதான் அதற்குப் பொருள். எனக்கோ அது அவுட் லாட் மறுபடி கேட்டலாக்கில் ஏறுவது போலத்தான் பட்டது. விலை படியவில்லையா, அவர்களே அடுத்த வார லிஸ்டில் ஏற்றிவிடுவார்கள். கோடவுனில் இருக்கும் மூட்டை எங்கே போய்விடும்?

வியாழக்கிழமை தேயிலையும் மந்தம். மேலிருந்து கீழ்வரை அவுட், அவுட் என்று நானே டைப் செய்துகொண்டிருந்தேன். நடுநடுவே மேஜைக்கு அடியில் போன். என் லாட் தேய்ந்து தேய்ந்து சில்லறைக்கு வந்தது. அப்போதாவது விற்றிருக்கலாம், பஸ் பாஸுக்காவது ஆகியிருக்கும். சில்லறைக்கு விற்பதா? நல்ல சரக்கை அடிமாட்டு விலைக்குக் கொடுக்காதே, அவுட் விடு என்பதுதான் எங்கள் ஆபீஸில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்.

மஞ்சூர்க்காரர் போன் செய்தார். "அம்மிணி, நம்ம லாட்டு?"

"அவுட்டுங்ண்ணா. நம்ம ரெண்டு பேருதும் அவுட்டு. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் "செரிங்க அம்மிணி" என்றார். அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

மறுநாள் காலை தண்ணீர்த் தொட்டி மேட்டில் நடந்ததைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

அடுத்த வாரம் மஞ்சூர்க்காரரின் லாட் மறுபடி ஏலத்துக்கு வந்தது. சுமாரான விலைக்குப் போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தில், "உங்களுதும் போயிருச்சுங்களா அம்மிணி?" என்று அக்கறையாகக் கேட்டார். "போயிருச்சுங்ண்ணா" என்றேன். அது பொய்யில்லை.

கவிதா திரும்பி வந்து விஷயம் கேட்டு அழுதாள். "நான் செரியா சொல்லலீங்க்கா" என்றாள். அவள் சரியாகத்தான் சொன்னாள். என் காதுதான் இத்தனை வருஷமாக ஒரே பாட்டுக்குப் பழகியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். பணம் போனதைவிட, குன்னூர் வீடு போனதுதான் பெரிதாகத் தெரிந்தது. இனி அவர் முன்னால் எதைக் கொண்டுபோய் வைப்பேன்?

காரமடை

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பழக்கதோஷத்தில், "காரமடைக்குப் போலாமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் பேப்பரை விரித்தார்.

"போலாமுங்க" என்றேன்.

பேப்பருக்கு மேல் அவர் கண் தெரிந்தது. "உடம்புக்கு என்னாச்சு?"

"நல்லாத்தான் இருக்கறேன். கெளம்புங்க."

பஸ் இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றினேன், பிறகு ஷாலை. மேட்டுப்பாளையம் தாண்டியதும் புடவையே கனத்தது.

வீடு நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. சமதளத்தில் வாசல், ஒரு படிகூட இல்லை. என் கணவர் உள்ளே போய் வந்து, வெளியே போய் வந்து, மறுபடி உள்ளே போனார். சுவரைப் பிடிக்காமல் அவர் நடப்பதைப் பார்த்து வெகு நாளாகிறது. அவர் முகத்தில் ஆசை அப்படியே தெரிந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் ஃபேனைச் சுழல விட்டார். "மலையில இருந்து வாரவங்களுக்கு மொதல்ல கொஞ்சம் வேக்காடாத் தெரியுமுங்க. அப்பறம் பழகிரும். என்ன, முடிச்சுக்கலாமுங்களா? வேற ஒருத்தரும் கேட்டுட்டு இருக்கறாரு."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன சொல்வேன் என்று அவருக்குத் தெரியும். எனக்குச் சிரமம் வைக்காமல் அவரே எனக்காகச் சொன்னார். "அடுத்த வாரம் சொல்றமுங்க."

அந்த இரண்டு சொல்லையும் அவர் வாயில் கேட்டதும் என் காதில் தண்ணீர்த் தொட்டி மேட்டில் போனில் பேசிய பெண்ணின் குரல் கேட்டது. மறுபடி ஏறாது மேடம்.

"அடுத்த வாரம் வேண்டாமுங்க" என்றேன். வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் தொடங்கினேன். முடிக்கும்போது என் கணவரைப் பார்த்தேன். "இன்னிக்கே சொல்லீர்றேன். எனக்குக் கீழ வர இஷ்டமில்லீங்க. மொதல்ல இருந்தே இல்லீங்க."

வீட்டுக்காரர் நாகரிகமாக, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டார்.

என் கணவர் வாசலில் போய் நின்றார். செருப்பைப் போட்டார். திரும்பி வரவில்லை. காரமடை பஸ் நிறுத்தம் வரை நானும் பின்னாலேயே போனேன்.

ஊட்டி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். போக்கிய வீட்டுக் கணக்கு, கவிதா, லாட், எக்ஸ்பைரி, ஜீரோ. கல்லாறு தாண்டி முதல் வளைவு வரும்போது ஆரம்பித்தது, பர்லியாறு வரை ஓடியது. அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார்.

கடைசியில் கேட்டார். "ஏம்மா, இந்த ஒரு வார்த்தையச் சொல்றதுக்கா அத்தன பணத்தக் கொண்டுபோயி உட்ட?"

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் எனக்கு வளைவில் குமட்டுகிறது என்று நினைத்து ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் திணித்தார்.

காட்டேரி தாண்டியதும் குளிர் வந்தது. மடியிலிருந்த ஷாலை எடுத்து என் மேல் போட்டார். அவருடைய கை முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"செரி" என்றார். "படி இல்லாத ஊடாப் பாரு."

குன்னூரில் படி இல்லாத வீடு! இந்த ஊரில் டீக்கடைக்குப் போகவே பத்துப் படி ஏற வேண்டும், கோயிலுக்குப் போனால் மூச்சு வாங்கும். அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னார் என்பது அவர் உதட்டோரத்தில் தெரிந்தது.

"அடுத்த வாரம்..." என்று வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, அருவங்காடு வரை போகாமல் குன்னூர் பஸ் ஸ்டாண்டிலேயே அவர் கையைப் பிடித்து இறங்கச் சொன்னேன். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அவரை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, படி இல்லாத வாடகை வீடு எங்காவது இருக்கிறதா என்று அப்போதே கேட்கப் போனேன்.